மொரீஷியஸில் என் முகம்

ஜூன் 24, சனி

மல்லி லோடு ஈரமாக வந்தது. சாக்குக்குள் கையை விட்டதுமே தெரிந்துவிட்டது. டிரைவர், "வர்ற வழியில மழைக்கா" என்றான். தூத்துக்குடிப் பக்கம் ஜூன் மாதத்தில் மழையாம். யார் காதில் பூச்சுற்றுகிறான்? பாதியைத் திருப்பி அனுப்பினேன். மீதியை மாடியில் காயப்போடச் சொல்லியிருக்கிறேன், திங்கட்கிழமை அரவைக்கு வேறு வழியில்லை.

நல்ல செய்தியும் உண்டு. மொரீஷியஸ் தீவில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் கம்பெனி நம் 'லீலாக்கா மசாலா'வைத் தன் எல்லாக் கடைகளிலும் அடுக்கக் கேட்கிறது. இதுவரை வீராப்பன் என்கிற அந்த ஊர் விநியோகஸ்தர் மூலமாகச் சின்னக் கடைகளுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. பெரிய கடைக்காரர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை. அந்த நாட்டில் நம் பெயரையும் படத்தையும் டிரேட்மார்க்காகப் பதிவு செய்திருக்க வேண்டும்.

"இந்தியாவுல பதிஞ்சிருக்கே, அது போதாதா?" என்று கேட்டேன்.

வினோதினி சிரித்தாள். "இங்க பதிஞ்சது இங்கதாம்மா செல்லும். அங்க தனியாப் பதியணும். அதுவும் யாரு மொதல்ல மனு போடுதாங்களோ அவங்களுக்குத்தான் பெலம் ஜாஸ்தி."

என் ஒரே மகள். சென்னையில் படித்துவிட்டு வந்து ஆபீஸைப் பார்க்கிறாள். எல்லாவற்றிலும் அவசரம். சோற்றைக்கூட நின்றுகொண்டே தின்பாள்.

படம் என்றால் என் படம்தான். கம்பெனி தொடங்கிய வருஷம் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. கல் மூக்குத்தி, நடுவகிடு, வாயைத் திறக்காத ஒரு சிரிப்பு. இப்போது என்னை நேரில் பார்ப்பவர்கள் பாக்கெட்டைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, மரியாதைக்காக ஒன்றும் சொல்லாமல் இருப்பார்கள். பெயர் வைத்தது என் தம்பி பெருமாள். கடை கடையாக ஏறி, "எங்கக்கா அரைச்ச பொடி, எங்கக்கா அரைச்ச பொடி" என்று சொல்லிச் சொல்லியே விற்றான். கடைக்காரர்கள் "லீலாக்கா பொடி இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சந்திரலீலா என்ற என் முழுப்பெயர் ரேஷன் கார்டோடு சரி.

ஜூலை 2

மெஷின் நம்பர் இரண்டில் சல்லடை கிழிந்துவிட்டது. அரை நாள் போச்சு.

பெருமாள் வந்திருந்தான். மொரீஷியஸ் விஷயம் கேட்டு அவனுக்கும் சந்தோஷம். ஏற்றுமதி முழுக்க அவன் கையில்தான். மொரீஷியஸ் அவனுக்கு மாமியார் வீடு மாதிரி, வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை போய்வருகிறான். வினோதினி அவனிடம், "மாமா, நான்தான் இனி எம்.டி.ன்னு அம்மா சொல்லிட்டாங்க. டிரேட்மார்க்கை கம்பெனி பேர்லயே போட்டுருவோம்" என்றாள். அவன் அவள் தலையைத் தட்டி, "எம்.டி. அம்மா சொன்னா சரிதான்" என்றான். காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். சர்க்கரை குறைந்துபோயிருக்கும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் தின்ற வாய்.

அவனுக்குச் சம்பளம் என்று ஒன்று போடுவதில்லை. வீட்டுப் பிள்ளைக்கு என்ன சம்பளம்? தேவைப்பட்டதை எடுத்துக்கொள்வான். சம்பளம் என்று அவன் கேட்டதில்லை, செலவுக்குக் கேட்டால் நானும் இல்லை என்று சொன்னதில்லை.

ஜூலை 18, செவ்வாய்

மொரீஷியஸ் வக்கீல் அனுப்பிய காகிதங்கள் வந்துவிட்டன. தேவி அருணாசலம் என்று பெயர். தாத்தா காலத்தில் கப்பலேறிப் போன குடும்பமாம், தமிழ் தெரியாது, பெயரில் மட்டும் தமிழ். நமக்காக அவர் மனு போடலாம் என்று நான் நோட்டரி முன்னால் ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

வினோதினி நோட்டரியிடம் நேரம் வாங்கிவிட்டாள். நான் பேனாவை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது பெருமாள் வந்தான்.

"எக்கா, நேத்துத்தான ஆடி பொறந்துச்சு. ஆடியிலயா கையெழுத்துப் போடப் போற?"

எனக்குச் சுரீர் என்றது. எப்படி மறந்தேன்? ஒரு ஆடியில் வாங்கிய அரவை மெஷின் மூன்று முறை மோட்டார் எரிந்து, கடைசியில் பழைய இரும்புக்குப் போனது. அன்றிலிருந்து ஆடியில் ஒரு சாக்குக்கூடப் புதிதாக வாங்குவதில்லை.

வினோதினி பாய்ந்தாள். "இது கல்யாணமா மாமா? ஒரு மனு. ஒரு மாசம் தள்ளுனா எவனாச்சும் முந்திக்கிடுவான்."

"நம்ம பேர எவன் எடுக்கப் போறான் மக்களே? ஆவணி மொத முகூர்த்தத்துல போட்டா அமோகமா இருக்கும். வக்கீலுக்கு ஒரு மாசம் பொறுக்கச் சொல்லு."

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இத்தனை வருஷம் இல்லாத டிரேட்மார்க் ஒரு மாதத்தில் ஓடிவிடுமா? காகிதங்களைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டேன். வினோதினி மத்தியானம் சாப்பிடவில்லை. பசித்தால் தானே தின்பாள்.

ஜூலை 21

பெருமாள் மொரீஷியஸ் கிளம்புகிறான். அங்கே கடைகளில் பெரிய பேனர் வைக்கப் போகிறானாம். அச்சகத்திலிருந்து லேபிளின் ஒரிஜினல் டிசைனையும் என் பழைய போட்டோவின் தெளிவான பிரதியையும் வாங்கிக்கொண்டான். எவ்வளவு அக்கறை பார் என்று வினோதினியிடம் சொன்னேன். அவள், "ஆடியில பேனர் வைக்கலாமாம்மா?" என்றாள். வாய் ரொம்பத்தான் நீளுகிறது.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. கலவைச் சாதங்கள் கிண்டிப் பாக்கிங் பெண்களுக்குக் கொடுத்தேன். எலுமிச்சைச் சாதத்தில் உப்பு தூக்கல்.

பெருமாள் போன் செய்தான். வேலையெல்லாம் நல்லபடியாக முடிந்ததாம். குரலில் ஒரு பதற்றம் இருந்தது. கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை போல. சுக்கு வெந்நீர் குடிக்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 23, புதன்

நல்ல முகூர்த்தம். நோட்டரி ஆபீஸில் கையெழுத்துப் போட்டேன். பெருமாள் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் கொடுத்தான். திரும்பும்போது அவனே சந்தனமாரி கோவிலில் தேங்காய் உடைத்தான். இரண்டு கிலோ அல்வா வாங்கி ஸ்டாஃப் எல்லோருக்கும் கொடுத்தான். கூடப் பிறந்தவன் ஒருத்தன் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம். என் வீட்டுக்காரர் செத்துப்போனபோது இவன் இல்லாவிட்டால் நான் மிளகாயை அரைத்திருக்க மாட்டேன், அரளியைத்தான் அரைத்திருப்பேன்.

செப்டம்பர் 11, திங்கள்

அரவையை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

வக்கீல் தேவியிடமிருந்து மெயில். நம் மனுவை ஏற்க முடியாதாம். அதே பெயர், அதே படம், அதே லேபிளுக்கு இன்னொருவர் ஏற்கெனவே மனு போட்டிருக்கிறார். போட்டது ஜூலை மாதக் கடைசியில். பி.ஜி. டிரேடிங் என்று ஒரு கம்பெனி, போர்ட் லூயி விலாசம். வினோதினி கம்ப்யூட்டரில் காட்டினாள். என் மூக்குத்தி, என் வகிடு, என் சிரிப்பு. கீழே யாரோ ஒரு கம்பெனியின் பெயர்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வீராப்பன்! பத்து வருஷமாக நம் சோற்றைத் தின்றவன். போன் போட்டு வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். கடைசியில் அவருக்குத் தெரிந்த தமிழில் மெதுவாக, "மதாம், நான் இல்லை. நீங்கள் உங்கள் வீட்டில் கேளுங்கள்" என்றார்.

திமிரைப் பார்த்தீர்களா? திருடிவிட்டு நம் வீட்டைக் கை காட்டுகிறார்.

"பி.ஜி.ன்னா என்னம்மா இருக்கும்?" என்று வினோதினி கேட்டாள். அவள் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"பேய்க்குப் பொறந்த கூட்டம்னு அர்த்தம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

செப்டம்பர் 12

பெருமாளுக்கு விஷயத்தைச் சொன்னதும் தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டான். அவனைத் தேற்ற நான் மோர் கொடுக்க வேண்டியிருந்தது. பிறகு சொன்னான்:

"எக்கா, நீ கவலப்படாத. அரசிதழ்ல வெளம்பரம் வந்த பொறகு ஆட்சேபணை போட டைம் குடுப்பாங்க. அதுக்குள்ள அடிச்சு நொறுக்கிருவோம். நான் பாத்துக்கிடுதேன். ஆனா அந்தப் பொம்பள வக்கீல் வேண்டாம். தமிழும் தெரியல, வேகமும் இல்ல. எனக்கு அங்க ஒரு நல்ல வக்கீலத் தெரியும்."

சரி என்றேன். தேவிக்கு நன்றி சொல்லி மெயில் அனுப்பச் சொன்னபோது வினோதினி கீபோர்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள்.

"எம்மா, எல்லாத்தையும் மாமா கையில குடுக்காத. ஒரு தடவையாவது நான் சொல்லுறதக் கேளு."

"என்னட்டி சொல்லுத? நேரா சொல்லு."

"ஒண்ணும் சொல்லல. ரெண்டு பேரா சேர்ந்து பாப்போம்னுதான் சொல்லுதேன்."

"ஒன்ன ஸ்கூட்டர்ல பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவன்ட்டி அவன். அவனச் சந்தேகப்பட ஒனக்கு நாக்கு எப்படி வருது?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. கணக்குப்பிள்ளையை வைத்து மெயில் அனுப்பினேன்.

செப்டம்பர் 30

மிளகாய் வத்தல் விலை ஏறுகிறது. குண்டூர் சரக்கு வரத்துக் குறைவு.

வினோதினி என்னோடு வேலை விஷயம் மட்டும்தான் பேசுகிறாள். "பில்லுல கையெழுத்து வேணும்." "லாரி வந்திருச்சு." இப்படி.

அக்டோபர் 16

பெருமாள் மகனுக்கு மொரீஷியஸில் வேலை கிடைத்திருக்கிறது! மசாலா கம்பெனி ஒன்றில் மேனேஜராம். இங்கே படித்து முடித்துச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த பையன். எவ்வளவு திறமையாகப் பேசிப் பிடித்துக் கொடுத்திருக்கிறான் தம்பி! கோமதி, பெருமாளின் மனைவி, வந்து இனிப்புக் கொடுத்துவிட்டுப் போனாள். என்ன கம்பெனி என்று கேட்டேன். "அதெல்லாம் அவியளுக்குத்தான் மைனி தெரியும்" என்று சொல்லிவிட்டு உடனே கிளம்பிவிட்டாள். செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு போனாள்.

ஆட்சேபணை என்னவாயிற்று என்று பெருமாளுக்கு மெசேஜ் போட்டேன். கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினான்.

நவம்பர் 12, தீபாவளி

பெருமாள் வரவில்லை. அங்கே வேலையாம். கோமதியும் அங்கே போய்விட்டாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து தீபாவளியன்று அவன் தலையில் எண்ணெய் வைப்பது நான்தான். கிண்ணத்தில் எண்ணெயைக் காய்ச்சி ஓமம் போட்டு வைத்திருந்தேன். வினோதினிக்கே மொத்தத்தையும் தேய்த்துவிட்டேன். அவள் இந்தத் தடவை ஒன்றும் சொல்லாமல் தலையைக் கொடுத்தாள்.

நவம்பர் 20

ஆட்சேபணைக் கெடு முடிகிற சமயம் இது என்று வினோதினி சொன்னாள். பெருமாளுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. நெட்வொர்க் சரியில்லாமல் இருக்கும். தீவுதானே.

நவம்பர் 21

எடுக்கவில்லை.

நவம்பர் 23

அவனே அழைத்தான். "எல்லாம் போட்டாச்சுக்கா" என்றான். எவ்வளவு நிம்மதி. வினோதினியிடம் சொன்னேன். "நகல் அனுப்பச் சொல்லும்மா" என்றாள். நான் கேட்கவில்லை. தம்பியிடம் நகல் கேட்டால் அவன் என்ன நினைப்பான்?

டிசம்பர் 6, புதன்

வீராப்பன் போன் செய்தார். அன்று அப்படித் திட்டியவளுக்கு அந்த மனுஷர் போன் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

தைப்பூசச் சரக்காக நாம் அனுப்பிய கண்டெய்னரை போர்ட் லூயி சுங்கத்தில் நிறுத்திவிட்டார்கள். டிரேட்மார்க் அந்த பி.ஜி. டிரேடிங்குக்குப் பதிவாகிவிட்டதாம். ஆட்சேபணை என்று ஒரு துண்டுக் காகிதம்கூடப் போகவில்லையாம். உரிமைக்காரர்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள். நம் சரக்கு போலியாம்.

"எது போலி?" என்றேன்.

"உங்களுடையது, மதாம். சட்டப்படி உங்களுடையதுதான் போலி."

நான் நின்று மிளகாய் பொறுக்கி, நான் முகர்ந்து மல்லி வாங்கி, நான் வறுத்த பக்குவத்தில் அரைத்து, என் முகத்தைப் போட்டு அனுப்பிய பொடி போலி. எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே வாய்விட்டுச் சிரித்தேன். பாக்கிங் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டிசம்பர் 8

வினோதினி எனக்குத் தெரியாமல் தேவி அருணாசலத்துக்கு எழுதியிருக்கிறாள். நாம் விலக்கிய வக்கீல், ஒரு வார்த்தை குறை சொல்லாமல் விசாரித்து அனுப்பியிருக்கிறார். பி.ஜி. டிரேடிங் ஜூலையில்தான் தொடங்கப்பட்டது. இயக்குநர்கள் மூன்று பேர். மகள் எதையும் வாசித்துக் காட்டவில்லை. பி என்றால் பெருமாள், ஜி என்றால் கோமதி, மூன்றாவது அவர்கள் மகன் என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"செப்டம்பர்லயே தோணுச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னேம்மா."

ஆமாம், சொன்னாள்.

டிசம்பர் 9

வத்தல் லோடு. எடை சரி.

டிசம்பர் 14, வியாழன்

வீட்டைக் காலி செய்ய பெருமாள் வந்திருக்கிறான் என்று பால்காரர் சொன்னார். இரண்டு தெரு தள்ளித்தான் அவன் வீடு. சொல்லாமலே வந்திருக்கிறான். காலை பதினொரு மணி வெயிலில் நடந்தே போனேன். வினோதினியை வரவேண்டாம் என்றேன்.

ஹாலில் அட்டைப் பெட்டிகள். கோமதி என்னைப் பார்த்ததும் அடுக்களைக்குள் போனவள் வெளியே வரவே இல்லை. பெருமாள் ஒரு பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"உக்காருக்கா."

உட்காரவில்லை. என்னென்னவோ கேட்க நினைத்துக்கொண்டு போயிருந்தேன், வாயில் வந்தது வேறு.

"ஆடியில போட்டிருக்கியே தம்பி. ஒனக்குப் பயமா இல்லியா?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அங்க ஏதுக்கா ஆடி? ஆபீஸ் தொறந்திருந்துச்சு, போட்டேன்."

"அப்ப எனக்கு மட்டும் ஆடியா?"

"நீ கேப்பேன்னு தெரியும். அதான் சொன்னேன்."

அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. என் நம்பிக்கையைத் தெரிந்து, அது எவ்வளவு ஆழம் என்று தெரிந்து, சரியாக அந்த இடத்தில் கையை வைத்திருக்கிறான். வேறு எந்தத் திருடனுக்கும் அந்த வழி தெரியாது.

"என்ன கொற வச்சேன் ஒனக்கு? கேட்டா தந்திருக்க மாட்டேனா?"

இப்போது நிமிர்ந்தான். "என்னத்தக்கா கேக்க? எல்லாமே நான் ஒங்கிட்ட கேட்டுத்தான வாங்கணும்? புள்ளைக்குப் பீஸ் கட்ட, கோமதிக்கு ஆபரேஷன் பண்ண, எல்லாத்துக்கும் வந்து நின்னேன். நீ இல்லேன்னு சொல்லல, அது வாஸ்தவம். ஆனா வினோ நேத்து வந்தவ. அவ எம்.டி. நான் அவகிட்டயும் வந்து நிக்கணுமா? பொடி நீ அரைச்சக்கா. அந்தத் தீவுல ஒவ்வொரு கடையா ஏறி இறங்கி ஒம் மூஞ்சிய வித்தது நான். அங்க இருக்கது என் யாவாரம்."

"என் மூஞ்சில ஒனக்கு என்னல பங்கு?"

அவன் மறுபடியும் டேப்பை எடுத்தான். வினோதினிக்கு எம்.டி. பதவி கொடுத்ததில் என்ன தப்பு? என் பிள்ளைக்குத்தானே கொடுத்தேன். வேறு யாருக்குக் கொடுப்பேன்?

வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பினேன். "நோட்டரி ஆபீஸ்ல பக்கம் பக்கமாத் திருப்பித் திருப்பிக் குடுத்தியே. பொறகு தேங்கா ஒடச்சியே. ஒனக்குக் கை நடுங்கலையா?"

"நடுங்குச்சுக்கா," என்றான்.

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவனை முழுசாக வெறுத்துவிட்டு வீடு வந்து சேர்ந்திருப்பேன்.

டிசம்பர் 15

இன்றைக்குப் பூராவும் படுக்கை. வினோதினி ரசம் வைத்துக் கொடுத்தாள். நம் ரசப்பொடிதான். ருசியே தெரியவில்லை.

டிசம்பர் 28

கண்டெய்னரைத் திருப்பி அனுப்புகிறார்கள். சூப்பர் மார்க்கெட்டில் பி.ஜி. டிரேடிங் சரக்கு அடுக்கியாயிற்று என்று வீராப்பன் படம் அனுப்பினார். வரிசை வரிசையாக நான். வாயைத் திறக்காமல் சிரித்துக்கொண்டு.

வீராப்பனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை மதாம், கோபம் வந்தால் யாருக்கும் கண் தெரியாது" என்றார். அன்று போனில் நான் சொன்ன வார்த்தைகள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. எழுதக் கூசுகிறது.

ஜனவரி 4

தேவி அருணாசலம் ஒரு வழி சொல்கிறார். பதிவை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போடலாம். இந்த ஆள் என்னிடம் வேலை பார்த்தவர், என்னை ஏமாற்றி, எனக்குத் தெரியாமல் என் பெயரையும் படத்தையும் திருடிப் பதிந்தார் என்று நான் சத்தியம் செய்து பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். ஜெயிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறதாம். வினோதினி அச்சடித்து மேஜையில் வைத்துவிட்டாள்.

வாசித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். கண்ணாடி பவர் மாற்ற வேண்டும். எழுத்து பொடிப்பொடியாகத் தெரிகிறது.

ஜனவரி 11

கண் டாக்டர் ஊரில் இல்லை.

ஜனவரி 19

டாக்டர் பார்த்தார். பவர் மாறவே இல்லையாம். டாக்டர்களுக்கு என்ன தெரியும்?

கோவில்பட்டிக் கடைக்காரர் ஒருவர், "தம்பியண்ணாச்சிய ஆளையே காணுமே, சொகந்தான?" என்று கேட்டார். நல்ல சுகம் என்றேன். வெளிநாட்டில் யாவாரம் விருத்தியாகிவிட்டது, குடும்பத்தோடு அங்கேயே போய்விட்டான் என்றேன். "நீங்க குடுத்து வச்சவுக" என்றார். ஆமாம் என்றேன்.

ஜனவரி 24

வினோதினி அந்தக் காகிதத்தை மேஜையிலிருந்து எடுத்து என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். நான் அதை மறுபடி மேஜையில் வைத்தேன்.

ஜனவரி 27, சனி

மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஆபீஸில் வினோதினியும் நானும் ஸ்டாக் சரி பார்த்துக்கொண்டிருந்தோம். என் செல்லில் வெளிநாட்டு நம்பர். பெருமாள் என்று நினைத்தேன். எடுக்கவும் ஆசை, எடுக்காமல் இருக்கவும் ஆசை. எடுத்தேன். சத்தம் குறைவாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"வணக்கம். லீலா அக்கா அவர்களா பேசுவது?"

ஒரு பெண் குரல், வயதானது. சொல்லுக்குச் சொல் நிறுத்தி, பாடப்புத்தகத்தை வாசிப்பது போல் ஒரு தமிழ்.

"ஆமா, நீங்க?"

"என் பெயர் வள்ளியம்மை. மொரீஷியஸ் தீவில் ரோஸ்ஹில் என்ற ஊர். நான் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை. பொட்டலத்தின் பின்புறம் இந்த எண் இருந்தது. அதனால் அழைக்கிறேன்."

பின்பக்கத்தைக்கூட மாற்றாமல் அப்படியே அடித்திருக்கிறான், என் செல் நம்பரோடு.

"சொல்லுங்க டீச்சர்."

"வருத்தத்துடன் சொல்கிறேன். எங்கள் இல்லத்தில் தைப்பூசக் காவடி. விரதம் முடித்து, வாழையிலையில் ஏழு கறி பரிமாறுவது எங்கள் வழக்கம். உங்கள் பொடியைத்தான் போட்டேன். கறி கசந்துவிட்டது. நிறம் மட்டும் சிவப்பு. மணமே இல்லை. வந்தவர்கள் இலையில் அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள். பல ஆண்டுகளாக உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் நாங்கள் வாங்குகிறோம். அக்கா, நீங்கள் ஏன் எங்களை இப்படி ஏமாற்றினீர்கள்?"

பழைய வத்தல். கருகிய மல்லி. மேலே கலர். சொல்லக் கேட்டே எனக்குத் தெரிந்துவிட்டது. தைப்பூசத்துக்கு அவசரமாக அரைத்திருப்பான். பக்குவம் அவனுக்கு எப்போது தெரிந்தது, அவன் விற்கத்தானே செய்தான்.

"அது நாங்க அரைச்சதில்ல டீச்சர்."

"உங்கள் படம் இருக்கிறதே. மூக்குத்தி அணிந்து, புன்னகை செய்துகொண்டு. இது நீங்கள்தானே?"

வினோதினி எழுந்து நின்றுவிட்டாள். 'சொல்லு' என்று வாயை மட்டும் அசைத்தாள். அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்த அந்தப் பிரமாணப் பத்திரம் மேஜையில் இருந்தது. என் தம்பி திருடிவிட்டான், அந்தப் பாக்கெட்டை வாங்காதீர்கள் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அந்த அம்மாள் ஊர் முழுக்கச் சொல்வார். என் பெயர் தப்பிக்கும்.

"இல்ல டீச்சர்," என்றேன். "அந்தப் படத்துல இருக்கது நான் இல்ல."

"பிறகு யார்?"

"தெரியாது. அந்தப் பாக்கெட்ட இனிமே வாங்காதீங்க."

அவர் பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு "மன்னிக்க வேண்டும், தவறான எண்ணுக்கு அழைத்துவிட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வினோதினி கத்தினாள். "எம்மா! மாமா திருடிட்டாருன்னு சொல்லுறதுக்கு என்ன? ஒம் மொகத்தையே ஒன்னோடது இல்லேன்னு சொல்லிட்டியே!"

"தம்பி திருடன்னு சொல்ல வாய் வரலட்டி," என்றேன். "அது நான் இல்லேன்னு சொல்லுறது லேசா இருந்துச்சு."

அவள் அந்தக் காகிதத்தை எடுத்தாள். கிழிப்பாள் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஸ்டாக் கணக்கை விட்ட இடத்திலிருந்து மறுபடியும் வாசிக்க ஆரம்பித்தாள். நான் ஒவ்வொன்றுக்கும் சரி, சரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.